இருபத்தைந்து பேர் ஒன்பது பேர் ஆனது ஏன்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். எங்கள் பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் ஆறு பேர் சேர்ந்தோம். தலைமை ஆசிரியரும் அனுமதி கொடுத்தார். சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம், பள்ளி வகுப்பறையிலேயே கணக்கும் மொழிப்பாடமும் நடத்துகிறோம். முதல் வாரம் 25 பிள்ளைகள் வந்தார்கள். மூன்று மாதத்தில் ஒன்பதாகிவிட்டது. வருகிறவர்களும் “புரியுதா?” என்று கேட்டால் தலையாட்டுகிறார்கள், டெஸ்டில் பழைய மார்க்கே வாங்குகிறார்கள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை எங்களிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. எங்கள் குழுவில் இருக்கும் பொறியாளர், தனிப்பயிற்சி கிடைத்தால் சராசரிப் பிள்ளைகூட முதல் இரண்டு சதவீதத்துக்குள் வந்துவிடும் என்று ஆராய்ச்சி இருக்கிறது என்கிறார். இன்னொருவர், பத்தாம் வகுப்புக்குத் தேர்வுப் பயிற்சி கொடுத்தால்தான் பலன் கண்ணுக்குத் தெரியும் என்கிறார். எனக்கோ, இதை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் பணமாகவே கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது. தொடரலாமா, நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. ஆனால் இப்போது நடத்துகிற மாதிரியே நடத்திக்கொண்டும் இருக்க வேண்டாம்.

வருகைப் பதிவு வைத்திருந்தால் முதலில் அதை எடுத்து, மிச்சமிருக்கும் ஒன்பது பேர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் வகுப்பிலும் ஓரளவு நன்றாகப் படிக்கிறவர்களாக, வீட்டில் யாராவது நேரத்துக்குக் கிளப்பி அனுப்புகிறவர்களாக இருப்பார்கள். எழுத்துக் கூட்டவே தடுமாறுகிற பிள்ளைகள் நின்றுபோன பதினாறு பேரில்தான் இருப்பார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதனால் தன்னார்வக் குழுக்கள் பலவற்றைப் பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்திருக்கிறது. இந்த வடிகட்டல் நடக்காத இடம் அபூர்வம். பிள்ளைகளின் சோம்பலையோ பெற்றோரின் அக்கறையின்மையையோ குறை சொல்லிப் பயனில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை, ஆறாவது நாளும் அதே கரும்பலகைக்கு முன்னால் உட்காரச் சொல்கிறோம். நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

நீங்கள் நடத்துவது இரண்டாவது பள்ளிக்கூடம். அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பாசிரியரால் செய்ய முடியாத ஒன்று உண்டு: ஒரு பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அது எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. அதை உங்களால் செய்ய முடியும். நான் சொல்லப்போகிற மாற்றமெல்லாம் இதற்காகத்தான்.

முதலில் நேரம். உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் செய்தது, 2010-இல் வெளிவந்தது. அந்தக் கிராமங்களில் ஒரு பகுதியில், பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பிடம் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தினார்கள். வந்த பிள்ளைகளுக்குப் பலன் நன்றாகவே தெரிந்தது. எழுத்தே தெரியாமல் வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேர்தான். கற்பித்த முறையில் கோளாறில்லை, பிள்ளைகள்தான் வந்து சேரவில்லை. உங்கள் சனிக்கிழமைக் கதையும் இதுவே.

2020-இல் ஆண்ட்ரே நிக்கோ, ஃபிலிப் ஓரியோபூலஸ், வின்சென்ட் குவான் மூவரும் தனிப்பயிற்சி பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பள்ளி நேரத்துக்குள் நடந்த பயிற்சி, பள்ளி விட்ட பிறகு நடந்ததைவிட அதிகப் பலன் கொடுத்திருந்தது. காரணத்துக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை, பள்ளி நேரத்தில் பிள்ளை அங்கேயே இருக்கிறது. ஆகவே தலைமை ஆசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வகுப்பறைச் சாவி அல்ல, வாரத்தில் மூன்று பாடவேளை. தினமும் முடிந்தால் இன்னும் நல்லது. வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் என்பதை மூன்று முறை அரை மணி நேரமாக மாற்றினால் மொத்த நேரம் குறையும், பரவாயில்லை. இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளை ஏழு நாள் இடைவெளியில் பாதியை மறந்துவிடும்.

இங்கேதான் அந்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியை வருகிறார். அவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆறு பேர் வந்து, அவருடைய பிள்ளைகளுக்கு, அவர் நடத்திய பாடத்தையே வேறு வழியில் நடத்துகிறார்கள். ‘நீங்கள் நடத்துவது போதவில்லை’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கழித்தலுக்கு அவர் ஒரு முறை சொல்லித் தந்திருப்பார், நீங்கள் உங்கள் காலத்து முறையைச் சொல்லித் தருவீர்கள், நடுவில் பிள்ளை குழம்பும். மறுநாள் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டியவர் அவர். முகம் கொடுக்காததில் எனக்கு ஆச்சரியமில்லை. நேரே அவரிடம் போய், “டீச்சர், வாசிக்கத் தடுமாறுகிற நாலு பேரை நீங்களே சொல்லுங்கள். எந்த நேரத்தில் அழைத்துக்கொண்டால் உங்களுக்குத் தொந்தரவு இல்லை? கழித்தல் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், அப்படியே நாங்களும் சொல்கிறோம்” என்று கேளுங்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கையிலேயே இருக்கட்டும். வாரக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: ‘ஒற்றெழுத்தை விட்டுவிட்டுப் படிக்கிறாள், பட்டம் படமாகிறது’ என்கிற மாதிரி. அவருக்கு உதவுகிற தகவல் அது. அறிக்கை, படிவம் எதுவும் வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

உங்கள் பொறியாளர் நண்பர் சொல்வது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் குழு அந்த எண்ணை வைத்துக்கொண்டு தன்னையே நொந்துகொள்ளும். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984-இல் எழுதிய கட்டுரை அது. தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டியிருந்தார் என்பது அதன் செய்தி. ஆனால் அந்தச் சோதனைகள் மூன்று வாரம் போல நடந்தவை. நிகழ்தகவு, வரைபடம் என்று சின்னச் சின்னப் பாடப்பகுதிகளில் நடந்தவை. தனிப்பயிற்சி மட்டுமல்லாமல், ஒரு பகுதியில் தேறிய பிறகுதான் அடுத்தது என்ற கறாரான ஏற்பாடும் கூடவே இருந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. மேலே சொன்ன 96 ஆய்வுகளின் சராசரியைப் பாமரக் கணக்கில் சொன்னால், நூறு பேரில் ஐம்பது பேரை முந்தியிருந்த பிள்ளை 64 பேரை முந்துகிறது. அதுவும் ஆசிரியர்களும் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் கற்பித்தபோது பலன் அதிகம், தன்னார்வலர்கள் கற்பித்தபோது அதைவிடக் குறைவு. கல்வியில் இது சாதாரண முன்னேற்றம் அல்ல, ஆனால் மூன்று மாதத்தில் மார்க் ஷீட்டில் தேடினால் கிடைக்காது.

அப்படியானால் எதில் தேடுவது? பிள்ளையின் நிலையில். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று வீட்டுக்கே போய்ச் சோதிக்கிற ‘அசர்’ கணக்கெடுப்பு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005 முதல் பிரதம் அமைப்பின் முன்முயற்சியில் நடப்பது. அதில் வாசிப்பைச் சோதிக்கிற முறை மிக எளிது. ஒரே தாளில் எழுத்துகள், சொற்கள், ஒரு சின்னப் பத்தி, ஒரு குட்டிக் கதை. பிள்ளை எதுவரை தடையில்லாமல் படிக்கிறதோ அதுதான் அதன் நிலை. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நீங்களும் இப்படி ஒரு தாள் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் படிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை சொற்களிலேயே நின்றுவிட்டால் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வையுங்கள். சொற்களிலிருந்து பத்திக்குப் போவதுதான் இப்போது அதன் பாடம். மூன்று மாதம் கழித்து அதே மாதிரி வேறொரு தாள். ‘சொல்லில் இருந்தவன் பத்திக்கு வந்துவிட்டான்’ என்பது உங்களுக்கும் ஆசிரியைக்கும் பெற்றோருக்கும் புரிகிற முன்னேற்றம். டெஸ்ட் மார்க் அதற்கு அப்புறம்தான் நகரும்.

கணக்கிலும் அப்படியே. 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால் 35 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் அடித்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு விதியைக் கவனமாகப் பின்பற்றியிருக்கிறது. எது பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழி: ஏழில் இரண்டு போக ஐந்து, ஐந்தில் இரண்டு போக மூன்று. ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-லேயே இதைக் காட்டினார்கள்: பிள்ளைகளின் கழித்தல் பிழைகள் பல கண்டபடி வருவதில்லை, ஏதோ ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன. எனவே தப்பான விடையைப் பார்த்ததும் சரியான முறையை மறுபடி விளக்கத் தொடங்காதீர்கள். “இதை எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். அது சொல்லச் சொல்ல விதி வெளியே வந்துவிடும். விதி தெரிந்தால் வைத்தியம் சுலபம். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளும் தனிக் குச்சிகளும் கையில் கொடுத்து, ‘இரண்டு குச்சியிலிருந்து ஏழை எடு’ என்றால், ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். சரியான விடைக்கும் சில சமயம் இதே கேள்வியைக் கேளுங்கள். இல்லையென்றால் ‘எப்படிப் போட்டே’ என்றாலே தப்பு என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

“புரியுதா?” என்ற சொல்லை உங்கள் குழு ஒரு மாதம் உபயோகிக்காமல் இருந்து பாருங்கள். தனிப்பயிற்சி உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்த ஆர்தர் கிரேசரும் நடாலி பெர்சனும் வேடிக்கையான ஒன்றைக் கவனித்தார்கள். புரியவில்லை என்று அதிகம் சொல்கிறவர்கள் நன்றாகப் படிக்கிற மாணவர்கள்தான். தனக்கு எது புரியவில்லை என்று தெரிவதற்கே கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒன்றும் புரியாத பிள்ளை தலையாட்டும். அதிலும் வயதில் பெரியவர் ஆசையாகச் சொல்லிக் கொடுக்கும்போது இல்லை என்று சொல்ல அதற்கு மனம் வராது.

மெத்தப் படித்தவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு, உங்கள் பொறியாளரைப் புண்படுத்தாமல் இதை எப்படிச் சொல்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேசிவிடுவார்கள். மிஷலீன் சீயும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இரத்த ஓட்டம் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர்களிடம், விளக்கம் எதுவும் கொடுக்காதீர்கள், மாணவரைப் பேசத் தூண்டுகிற கேள்விகளை மட்டும் கேளுங்கள் என்று கட்டுப்பாடு போட்டார்கள். விளக்கம் கேட்டுக் கற்ற மாணவர்கள் அளவுக்கே இவர்களும் கற்றிருந்தார்கள். அரை மணி நேரத்தில் உங்கள் குரல் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று நான் சொல்வேன்.

அந்த அரை மணி எப்படிப் போகலாம்? போன தடவை படித்ததையே முதலில் ஒரு முறை வாசிக்கட்டும்; தடையில்லாமல் வரும், நம்பிக்கை வரும். பிறகு புதிதாகச் சின்னப் பகுதி ஒன்று. பிள்ளை தடுமாறினால் உடனே சொல்லைச் சொல்லிவிடாமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதிக்கு மேல் தானே சரிசெய்துகொள்ளும். கொடு–கோடு, எடு–ஏடு என்று குறில் நெடிலில் வழுக்குகிறதா, ஒற்றை விழுங்குகிறதா, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் எழுத்து. எழுத விஷயம் இல்லை என்று நிற்கிற பிள்ளையிடம் நேற்று என்ன நடந்தது என்று கேட்டு, அது சொல்வதை நீங்கள் அப்படியே எழுதி, அதையே படிக்கக் கொடுங்கள். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் ஆர்வமாகப் படிக்கும். பெரிய பிள்ளைகளிடம் இந்த வழி இன்னும் நன்றாக எடுபடும். பன்னிரண்டு வயதில் ஒன்றாம் வகுப்புக் கதைப்புத்தகத்தைக் கையில் பிடித்திருப்பது அவர்களுக்கு மானப் பிரச்சினை.

ஒருவர் ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். மூன்று நாளும் வரக்கூடியவர் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அரை மணியாக இரண்டு ஜோடி, அதாவது நான்கு பிள்ளைகள். உங்களில் நான்கு பேருக்கு இது முடியும் என்றால் பதினாறு பேர் ஆயிற்று. யார் எந்தப் பிள்ளைக்கு என்பது மாறக் கூடாது.

பத்தாம் வகுப்பு யோசனையைத் தள்ளிவைக்கத்தான் சொல்வேன். முன்னே சொன்ன 96 ஆய்வுகளின் தொகுப்பில் பலன் கூடுதலாகத் தெரிந்தது தொடக்க வகுப்புகளில்; வாசிப்புப் பயிற்சி சிறிய பிள்ளைகளிடமும் கணக்குப் பயிற்சி கொஞ்சம் பெரியவர்களிடமும் நன்றாக எடுபட்டிருந்தது. தவிர, தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பத்தாம் வகுப்பில் புகுந்து நீங்கள் ஏதாவது சொல்ல, பிள்ளை தோற்றால் பழி உங்கள் மேல் விழும். அந்த நண்பருக்குப் பெரிய பிள்ளைகளோடுதான் ஒத்துவரும் என்றால் வேறு வேலை இருக்கிறது. வாசிப்பில் பின்தங்கிய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டத் தயார்செய்யலாம். சின்னப் புத்தகத்தைப் படிக்க அவர்களுக்குக் கௌரவமான காரணம் கிடைக்கும். கோஹன், குலிக், குலிக் மூவரும் மாணவர்களே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது பற்றிய 65 ஆய்வுகளை 1982-இல் தொகுத்தபோது, கற்றவர்கள் மட்டுமல்ல, கற்றுக்கொடுத்த மாணவர்களும் முன்னேறியிருந்தார்கள்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிள்ளையோடு கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஆசிரியர் பார்வை படுகிற தாழ்வாரமோ நூலக மூலையோ போதும். பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். தனிப்பட்ட போன் எண் கொடுப்பது, வண்டியில் ஏற்றிப் போவது, தனித்தனியாகப் பரிசு தருவது எதுவும் வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பு உண்டா என்று பள்ளி கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் அடிக்கிறார்கள், யாரோ தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். குறுக்கு விசாரணையும் வேண்டாம். அமைதியாகக் கேட்டுவிட்டு, அன்றே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்ட ‘தொடரலாமா’. ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் வளரிளம் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருந்த தன்னார்வலர்களை ஆராய்ந்தார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவில் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவற்றில் அந்தப் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடச் சரிந்திருந்தது. அது வாசிப்புப் பயிற்சி பற்றிய ஆய்வு அல்ல என்றாலும், உங்கள் ஆறு பேரையும் உட்காரவைத்து ஒரு கல்வியாண்டு முழுக்க யாரால் வர முடியும் என்று கேட்க அது போதுமான காரணம். முடியாதவர்கள் இப்போதே சொல்லிவிடுவது நல்லது, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நடுவில் யாராவது விலக நேர்ந்தால் பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விலகட்டும், திடீரென்று காணாமல் போக வேண்டாம்.

பணம் கொடுக்கலாமா என்றால், தாராளமாகக் கொடுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு ஏற்ற, பக்கத்துக்கு இரண்டு வரி மட்டுமே உள்ள கதைப்புத்தகங்கள் போதுமான அளவு இருப்பதில்லை. எந்த நிலைக்கு எத்தனை வேண்டும் என்று உங்கள் வாசிப்புத் தாளே சொல்லிவிடும். ஆண்டு முழுக்க வர முடியாதவர்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். மற்ற நான்கு பேரும் திங்கட்கிழமை அந்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பாருங்கள், தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு.